சித்தாமூர்க்காரர் காட்டிய ஆல்ப்ஸ்

ஊர் தாண்டி… – 9

பட்டணத்துத் தியேட்டர்களில் ஓடி முடித்த படப்பெட்டி உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்து சேர அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் ஆகும். வந்து சேருகிற இடம் டூரிங் டாக்கீஸ். கீற்றுக் கொட்டகை, மணல் தரை. முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்துகொள்ளலாம். ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும், முறுக்குத் தட்டு உள்ளே வரும், தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். விளக்கு மறுபடி அணைந்ததும் திரையில் ஆல்ப்ஸ் மலை. பனி மூடிய சரிவுகளுக்கு நடுவே சிவாஜி கணேசனும் காஞ்சனாவும்.

1969 தீபாவளிக்கு வெளியான ‘சிவந்த மண்’ அது. ஐரோப்பாவுக்கே போய்ப் படம்பிடித்து வந்த முதல் தமிழ்ப் படங்களில் ஒன்று. அதை எடுத்த சி.வி.ஸ்ரீதர் மதுராந்தகத்தை அடுத்த சித்தாமூரில் பிறந்தவர் என்பதை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். உத்திரமேரூர் வட்டத்தின் எல்லையைத் தாண்டினால் மதுராந்தகம் வட்டம். இன்று ஒன்று காஞ்சிபுரம் மாவட்டம், மற்றது 2019-இல் பிரிந்த செங்கல்பட்டு மாவட்டம். அன்று இரண்டுமே ஒரே செங்கல்பட்டு ஜில்லாதான்.

சென்ற வாரம் பார்த்த ஏ.கே.செட்டியார் கப்பலேறி உலகைச் சுற்றிவிட்டு வந்து, கண்டதை எழுத்தில் கொடுத்தார். படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. ஸ்ரீதர் காட்டியது எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. உல்லாசத்துக்காக ஒரு குடும்பம் வெளியூர் போகலாம், கோயில் குளம், கல்யாணம், சாவு என்று காரணம் எதுவும் வேண்டாம் என்ற எண்ணமே கிராமத்துக்குப் புதிது. அதைத் தமிழ்த் திரையில் ஊன்றி வளர்த்தவர்களில் முதல் வரிசையில் நிற்கிறவர் அவர்.

1933-இல் பிறந்த ஸ்ரீதர், இருபது வயதை ஒட்டி எழுதிய ‘ரத்த பாசம்’ நாடகத்தின் மூலம் சினிமாவுக்குள் வந்தார். 1959-இல் ‘கல்யாண பரிசு’ அவரை இயக்குநராக நிலைநிறுத்தியது. பிறகு சொந்தமாகச் ‘சித்ராலயா’ நிறுவனத்தைத் தொடங்கினார். கூடவே இருந்து வசனமும் நகைச்சுவையும் எழுதிய கோபு, செங்கல்பட்டுப் பள்ளித் தோழர். சித்ராலயாவின் முதல் படமான ‘தேன் நிலவு’ 1961-இல் வந்தது. அதன் கதையே ஓர் உல்லாசப் பயணம். மனைவியை இழந்த தங்கவேலு மறுமணம் செய்துகொண்டு காஷ்மீருக்குத் தேனிலவு போகிறார். கல்யாண வயதில் இருக்கும் மகள் வைஜயந்திமாலாவையும் கூட்டிக்கொண்டு போகிறார். செட் போட்டு ஒப்பேற்றாமல் படக்குழு காஷ்மீருக்கே போனது. மூன்று வருஷம் கழித்து ‘காதலிக்க நேரமில்லை’ வந்தபோது அதில் ஆழியாறு அணையும் அதன் விருந்தினர் மாளிகையும் வண்ணத்தில் தெரிந்தன. அந்த மாளிகையைப் பார்ப்பதற்கென்றே பொள்ளாச்சிப் பக்கம் போனவர்கள் உண்டு.

அதே 1964-இல் ராஜ் கபூரின் ‘சங்கம்’ வெனிஸ், பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று சுற்றியிருந்தது. தமிழிலும் அதைச் செய்துகாட்ட வேண்டும் என்று கிளம்புவதற்கு 1960-களின் பிற்பகுதி நல்ல நேரமே இல்லை. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததில், 4 ரூபாய் 76 காசாக இருந்த ஒரு டாலர் 7 ரூபாய் 50 காசுக்குப் போயிருந்தது. அந்நியச் செலாவணிக்குக் கடும் கட்டுப்பாடு. வெளிநாடு போகிற சாதாரண இந்தியர் கையோடு எடுத்துப்போக அனுமதிக்கப்பட்டது சில பவுண்டுகள் மட்டுமே. இத்தனைக்கும் நடுவே நடிகர்களையும் கேமராவையும் கூட்டிக்கொண்டு ஒரு தமிழ்க் குழு ஆல்ப்ஸ் வரை போனது என்பதைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. கிட்டத்தட்ட அதே காலத்தில் இந்தியிலும் ‘தர்த்தி’ என்ற பெயரில் ‘சிவந்த மண்’ கதையை எடுத்து 1970-இல் வெளியிட்டார் ஸ்ரீதர். தமிழில் கதாநாயகியாக நடித்த காஞ்சனா சினிமாவுக்கு வருமுன் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர் என்பது இந்தக் கதையில் பொருத்தமான ஒரு விவரம்.

ஆனால் திரை காட்டிய ஐரோப்பாவில் ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. மலை இருந்தது, மலைக்காரர் இல்லை. சாலை இருந்தது, அதில் நடந்து களைத்த கால் இல்லை. எந்த மாதம் போனால் பனி, எந்த மாதம் போனால் வெயில் என்பதைப் பாட்டு சொல்லாது. பின்னால் வந்த படங்களும் அப்படித்தான். 1998-இல் ‘ஜீன்ஸ்’ ஒரே பாட்டில் பீசா கோபுரத்தையும் ரோமின் கொலோசியத்தையும் காட்டி முடித்தது. 2010-இல் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ மால்டா தீவுக்குப் போனது. ஐந்து நிமிஷத்தில் பல நாடு என்ற அந்தத் தாளம், பத்து நாளில் ஏழு நாடு என்று விளம்பரம் செய்யும் டூர்களுக்கும் அப்படியே தொற்றிக்கொண்டது. இந்த வட்டாரத்திலிருந்து முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு அந்த வேகம் கொஞ்சமும் ஒத்துவராது.

ஏனென்றால் இவர்களுக்குப் பழக்கமான பயணம் வேறு மாதிரியானது. கோடை விடுமுறையில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டூர் பஸ் கிளம்புகிற தெருவில் நின்று பார்த்தால் தெரியும். பஸ்ஸின் பின்பக்கம் கேஸ் சிலிண்டர் ஏறும். அடுத்து அரிசி மூட்டை, பெரிய அண்டா, கரண்டிகளைச் சுற்றிக் கட்டிய சாக்கு. சமையல்காரர் கடைசியாக ஏறி வெங்காய மூட்டையை ஒருமுறை தட்டிப் பார்ப்பார். கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, வண்டி நகரும். மாதச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். பழனி, கொடைக்கானல், ஊட்டி, திரும்பும் வழியில் ஏதாவது ஒரு கோயில். நினைத்த இடத்தில் நிறுத்தி, ஆற்றங்கரையில் சமைத்து, சாப்பிட்டு, அரை மணி கண் அயர்ந்து போவதுதான் அதன் சுகம்.

அந்த வண்டிகளில் போய்வந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள். சிலர் பயிற்சிக்கென்று வெளிநாடு அனுப்பப்படுகிறார்கள், சிலர் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து பெற்றோரை அழைத்துக்கொள்கிறார்கள். பணக் கட்டுப்பாடும் மாறிவிட்டது. 2004-இல் ஓர் இந்தியர் வருஷத்துக்கு 25,000 டாலர் வரை வெளிநாட்டில் செலவிட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. இப்போது அந்த வரம்பு 2,50,000 டாலர். பாஸ்போர்ட்டுக்குத் தாம்பரம் சேவா மையம் வரை போனால் போதும்.

எங்கே போவது? மலையும் வெயில் நகரமும் சேர்ந்து வேண்டுமென்றால் இத்தாலியின் வடகிழக்கு மூலையை முதலில் சொல்லலாம். வெனிஸிலிருந்து பஸ்ஸில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் கோர்ட்டினா என்ற மலையூர் வரும். கடல் மட்டத்திலிருந்து 1,224 மீட்டர். நம் ஏலகிரியைவிடக் கொஞ்சம்தான் உயரம், ஊட்டியோ 2,240 மீட்டர். ஆனாலும் குளிர்காலத்தில் கோர்ட்டினா பனியில் புதைந்துவிடும், ஊட்டியில் உறைபனி புல்நுனியோடு நின்றுவிடும். ஊட்டி நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை வடக்கே இருக்கிறது, கோர்ட்டினா 46 பாகைக்கும் மேலே. உயரத்தைவிட இந்தத் தூரம்தான் அங்கே குளிரைத் தீர்மானிக்கிறது.

ஊரைச் சுற்றி நிற்பவை டோலமைட் மலைகள். 3,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் 18. 2009-இல் யுனெஸ்கோவின் உலக மரபிடப் பட்டியலில் சேர்ந்தன. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வெதுவெதுப்பான கடலில் வளர்ந்த திட்டுகள் இறுகிப் பாறையாகி, நிலம் நெருக்கி மேலே தூக்கியதில் மலையாக நிற்கின்றன. பகலில் வெளிறிய சாம்பல் நிறம். சூரியன் சாயும்போது பாறை முகம் முழுக்க இளஞ்சிவப்பு ஏறி, சற்று நேரத்தில் ஊதாவாகி அணையும். இதைப் பார்க்க மலை ஏறவே வேண்டாம், ஊர்ச் சதுக்கத்தில் நின்றாலே போதும். முழங்கால் வலிக்காரர்கள் கேபிள் காரில் உச்சி வரை போகலாம்.

கேபிள் கார் என்றதும் மாதத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நமக்கு விடுமுறை மே மாதம். அந்த மலைகளில் மே என்பது இரண்டு சீசனுக்கு நடுவே உள்ள ஓய்வுக் காலம். பனிச்சறுக்கு முடிந்திருக்கும், கோடைக் கூட்டம் தொடங்கியிருக்காது. பல கேபிள் கார்களும் ஓட்டல்களும் மூடிக் கிடக்கும், ஜூன் நடுவில்தான் திறப்பார்கள். கத்திரி வெயிலிலிருந்து தப்பிப் போய் மூடிய கதவின் முன் நிற்பதில் என்ன லாபம்? மே மாதத்துக்கு ஏற்றவை தெற்கே இருக்கும் நகரங்கள்: ரோம், நேப்பிள்ஸ், சிசிலித் தீவு, ஏதென்ஸ்.

அதே நகரங்களுக்கு ஜூலை, ஆகஸ்டில் போவது வேண்டாத வேலை. காஞ்சிபுரம் ஜில்லாவின் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அங்கே என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்கத் தோன்றும். 2021 ஆகஸ்ட் 11 அன்று சிசிலியின் சிரகூசா அருகே 48.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஐரோப்பாக் கண்டத்தின் உச்ச வெப்பம் அதுதான் என்று உலக வானிலை அமைப்பும் உறுதி செய்திருக்கிறது. 2023 ஜூலையில் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றைப் பிற்பகல் வேளைகளில் மூடும்படி ஆனது. அந்தக் குன்றில் ஒதுங்க நிழல் கிடையாது. மலையும் தப்பவில்லை. 2022 ஜூலை 3 அன்று டோலமைட்டின் உயர்ந்த சிகரமான மர்மொலாடாவில் பனிப்பாளம் உடைந்து சரிந்ததில் 11 பேர் இறந்தார்கள்.

கூட்டமும் ஒரு பிரச்சினை. காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களிடம் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், நெரிசல் மிகுந்த குறிப்பிட்ட நாட்களில், 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. அடுத்த வருஷம் அந்த நாட்கள் கூடின, கடைசி நேரத்தில் பதிகிறவர்களுக்கு 10 யூரோவும் ஆனது. அங்கேயே இரவு தங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. பார்சிலோனாவில் 2024 ஜூலையில் சுற்றுலாக் கூட்டத்துக்கு எதிராக ஊர்வலம் போன உள்ளூர்க்காரர்கள், ஓட்டல் வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பயணிகள்மீது பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் அடித்தார்கள். வீட்டு வாடகை ஏறிக் குடியிருக்க முடியாமல் போன ஆத்திரம் அது. ஒரே ஊரில் நான்கு நாள் தங்கி, அங்கேயே காய்கறி வாங்கிச் சமைத்து, நிதானமாகப் பார்க்கிற நம் டூர் பஸ் பழக்கம் அந்த ஊர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. சமையலறையோடு கூடிய தங்குமிடங்கள் அங்கே நிறைய உண்டு.

மலையும் நகரமும் ஒரே பயணத்தில் வேண்டுமானால் காலாண்டுத் தேர்வு விடுமுறைதான் சரி. செப்டம்பர் பிற்பகுதியில் டோலமைட்டின் கேபிள் கார்கள் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும், வெனிஸில் வெயில் தணிந்திருக்கும். புரட்டாசி விரதக்காரர்களுக்கும் சிரமமில்லை. இத்தாலிய ஊர்களில் தக்காளி, ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் எங்கும் கிடைக்கும்.

அதற்கு விசா வேலையை மே மாதத்திலேயே தொடங்குவது நல்லது. 29 நாடுகளுக்குச் செல்லும் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். சம்பளச் சீட்டும் வருமான வரிக் கணக்கும் இருக்கிற பிள்ளைக்குச் சிக்கல் இல்லை. அப்பா விவசாயி, அம்மா தறி வேலை என்றால் அவர்கள் வருமானத்துக்கும், ஊர் திரும்புவார்கள் என்பதற்கும் காகிதம் வேண்டும். வங்கிக் கணக்கில் பயணத்துக்கு முந்தின வாரம் மொத்தமாகப் பணம் போடுவதைவிட, பல மாதமாகப் பணம் வந்து போய்க்கொண்டிருந்த கணக்குக்கு மதிப்பு அதிகம். பட்டா, சிட்டா நகலோடு அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கோப்பில் வைக்க வேண்டும். செலவை மகனோ மகளோ ஏற்பதாக இருந்தால் அதற்கான கடிதமும் உறவை நிரூபிக்கும் சான்றும் சேர வேண்டும். கைரேகை பதிய, முதல்முறை விண்ணப்பிக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவரும் நேரில் சென்னைக்குப் போயாக வேண்டும்.

(தொடரும்)