இருட்டில் ஒளிரும் உட்கரு

கடலூரில் முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழில் புரிந்தவன் நான். வெங்காயச் சவ்வின் மீது அயோடின் துளி விட்டு, நுண்பெருக்கியில் மங்கலாகத் தெரியும் புள்ளியைக் காட்டி, "இதுவே உட்கரு" என்பேன். மாணவர்கள் தலையசைப்பார்கள். அவர்களுள் உண்மையாகவே கண்டவர் எத்தனை பேரோ!

ஓய்வு பெற்ற பின் ஒரு நாள், சிதம்பரத்தில் ஆராய்ச்சி செய்யும் என் பழைய மாணவி ஒருவர் அதே வெங்காயச் சவ்வை வேறொரு சாயமிட்டுக் காட்டினார். அறை விளக்கை அணைத்ததும், கரிய வெளியில் நீல மணிகள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஓர் உட்கரு!

வங்கியில் ரூபாய் நோட்டை ஊதா விளக்கின் கீழ்ப் பிடித்தால் அதன் இழை பளிச்சிடுகிறதல்லவா? அவ்வாறே இதுவும். கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிரை ஏற்று, அலைநீளம் கூடிய ஒளியாக வெளிவிடும் இவ்வியல்புக்கு 1852இல் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் பெயரிட்டார். டாப்பி எனப்படும் இந்தச் சாயமோ, ஜெர்மனியில் ஆட்டோ டான் என்பவரது ஆய்வகத்தில், உறக்க நோய்க்கு மருந்து தேடுகையில் 1971இல் பிறந்தது. நீரில் தனித்திருக்கையில் இது ஏறக்குறைய ஒளியற்றது. டி.என்.ஏ. இழையின் குறுகிய பள்ளத்தில், அடினினும் தைமினும் மிகுந்த இடத்தில் படிந்தால் சுமார் இருபது மடங்கு ஒளிரும். உட்கரு மட்டும் ஒளிர்ந்து, சுற்றுப்புறம் இருண்டிருப்பது அதனாலேயே.

பாக்டீரியாவுக்கு உட்கரு இல்லை, டி.என்.ஏ. உண்டு. ஆகவே 1980 முதல் நீர்வாழ் நுண்ணுயிர்களை எண்ணவும் இச்சாயம் பயன்படுகிறது. தெளிந்த கடல்நீர் ஒரு மில்லிலிட்டரிலேயே பல இலட்சம் உயிர்கள் உள! அவற்றுள் நூற்றில் ஒன்றுகூட வளர்ப்புத் தட்டில் முளைப்பதில்லை.

"அப்படியானால், அம்மா, நம் கடற்கரைக் கிணற்று நீர் குடிக்கத் தக்கதா என்று இதைக்கொண்டே சொல்லிவிடலாமே?" என்றேன்.

"முடியாது ஐயா. இது செத்த கிருமியையும் ஒளிரச் செய்யும். நல்லது கெட்டது என்று பிரித்தறியாது. குடிநீருக்கு மலக்கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் பழைய சோதனையே வேண்டும்" என்றார்.

டி.என்.ஏ.வைப் பற்றும் பொருளாதலால் கையுறையின்றி அவர் சாயப்புட்டியைத் தொடவில்லை. நான் மீண்டும் குனிந்து நோக்கினேன். முதலில் கண்ட நீல மணிகள் மங்கியிருந்தன. கதிர் பட்டுக்கொண்டேயிருந்தால் சாயம் ஒளியிழக்குமாம். அவர் கண்ணாடித் தகட்டைச் சற்றே நகர்த்தினார். புதிய மணிகள் தோன்றின.