பந்தி முடிந்த பிறகு இலை எங்கே போகிறது?

போன வருஷம் காரைக்குடியில் எங்கள் வீட்டு விசேஷம். பந்தி முடிந்ததும் இலை, மிச்சச் சோறு, காய் எல்லாவற்றையும் பின்கட்டுத் தோட்டத்தில் நாலடிக் குழி வெட்டிக் கொட்டி, மண்ணைப் போட்டு மூடினேன். தானாக உரமாகிவிடும்னு நம்பிக்கை. நாலாம் நாள் பக்கத்து வீட்டு ஆச்சி மதிலோரம் வந்து, "தம்பி, உள்ள ஏதும் செத்துக் கெடக்கா?" என்று கேட்டாங்க. அப்புறம்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

குழிக்குள் நடந்தது இதுதான். காற்று இருந்தால், அதில் வாழும் நுண்ணுயிர்கள் உணவைச் சிதைத்து கரியமில வாயு, நீராவி, சூடு ஆகியவற்றை வெளியே விடும். மிஞ்சுவது உரம். காற்று இல்லையென்றால் வேறு வகை நுண்ணுயிர்கள் வந்துவிடும். அவை தருவது மீத்தேனும் அழுகல் நாற்றமும். போதாததற்கு, ஈர வாழையிலை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தார்ப்பாய் மாதிரி காற்றை அடைத்துவிடுகிறது. அதனால் இலையை நறுக்கித்தான் போட வேண்டும்.

அடுத்தது கலவை. உரக் குவியலில் கார்பனும் நைட்ரஜனும் சுமார் 30-க்கு 1 என்ற விகிதத்திலும், ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதமும் இருந்தால் வேலை நன்றாக நடக்கும். சாப்பாட்டுக் கழிவில் நைட்ரஜனும் ஈரமும் அதிகம். ஆகவே சருகு, வைக்கோல், மரத்தூள் என்று காய்ந்த பொருள் சேர்த்தாக வேண்டும். நான் ஒரு கூடைச் சருகுகூடப் போடவில்லை.

இதைப் பெரிய அளவில் முறைப்படுத்தியவர் ஆல்பர்ட் ஹோவர்டு. 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆங்கிலேயத் தாவரவியலாளர். பயிர்க்கழிவு, சாணம், மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, மூன்று முறை புரட்டி, சுமார் மூன்று மாதத்தில் உரமாக்கினார். 'இந்தூர் முறை' என்று உலகம் முழுக்கப் பரவியது இதுதான். அவருடைய குழிகளின் ஆழம் 2, 3 அடிதான். அதற்குக் கீழே காற்று போகாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய உரக்கூடங்களில் கழிவை நீளமான வரப்பு மாதிரி குவித்து, இயந்திரத்தால் புரட்டுகிறார்கள். நடுவில் சூடு ஏறும். ஓரம் ஆறியே கிடக்கும். புரட்டினால்தான் ஓரத்தில் கிடப்பது உள்ளே போய் வேகும். அமெரிக்காவில் உள்ள ஒரு அளவுகோல்படி 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் 5 முறை புரட்ட வேண்டும். நோய்க்கிருமியும் களை விதையும் அந்தச் சூட்டில்தான் சாகின்றன.

அதே இந்தூரில் 2022 பிப்ரவரியில் நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவைக் கையாளும் ஆலை திறக்கப்பட்டது. அங்கே காற்றில்லாத வழியையே வேண்டுமென்று பயன்படுத்துகிறார்கள்: மூடிய தொட்டியில் மீத்தேனைப் பிடித்து வாகன எரிவாயு ஆக்கிவிட்டு, மிஞ்சுவதை உரமாக்குகிறார்கள். என் குழியில் வீணாகப் போன அதே வாயுதான்! ஆனால் அந்த ஆலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வருகிற கழிவு வீட்டிலேயே பிரித்ததாக இருக்க வேண்டும்.

எனக்கு உறைத்தது இந்த இடம்தான். சூடு, ஈரம், காற்று எல்லாவற்றையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். ஆனால் இலைக்குள் வைத்துச் சுருட்டிவிட்ட தண்ணீர் பாட்டிலையும் ஐஸ்கிரீம் கப்பையும் எந்த நுண்ணுயிரும் தின்னாது. நம்மூரில் பெரும்பாலும் ஒரு தூய்மைப் பணியாளர்தான் அவற்றைக் கையால் பொறுக்க வேண்டியிருக்கிறது. தப்பியது உரத்தோடு வயலுக்குப் போகும். 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள், உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் விசேஷம் என்றால் உள்ளாட்சிக்கு மூன்று வேலை நாள் முன்பே சொல்ல வேண்டும், அங்கேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்றன. நாம் பத்திரிகை வைக்கும் பட்டியலில் நகராட்சி அலுவலகம் இருந்ததுண்டா?

அடுத்த விசேஷம் தை மாதம் வருகிறது. இலை எடுக்கிற இடத்தில் இரண்டு சாக்கு வைத்து, பக்கத்தில் ஒரு ஆளையும் நிறுத்தப் போகிறேன். அந்த ஆள் அநேகமாக நான்தான்.