வீட்டு வரி பாக்கி யார் தலையில்?

சுள்ளிக்கல்லில் பழைய வீடு வாங்கும் நம்மவர்கள் வில்லங்கச் சான்றிதழைப் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். மாநகராட்சிக்குச் செலுத்த வேண்டிய கட்டட வரி பாக்கி அதில் வராது. ஆனால் 1994ஆம் ஆண்டு கேரள நகராட்சிச் சட்டப்படி, நிலவரிக்கு அடுத்தபடியாக, அந்தப் பாக்கி வீட்டின் மீதே ஏறும் முதல் கடன்.

தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவர் கதி என்ன? அகமதாபாத்தில் நீதிமன்ற ஏலத்தில் வீடு எடுத்த ஒருவரிடம், பழைய உரிமையாளர் வைத்த வரி பாக்கியை மாநகராட்சி கேட்டது. பாக்கியை அறியாது வாங்கியவரின் வீட்டின் மீது, சட்டம் வெளிப்படையாகச் சொன்னாலொழிய, அந்தக் கடனைச் சுமத்த முடியாது என்று 1971இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை நம்பி அலட்சியமாய் இருக்கலாகாது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்குமே என்று எதிர்த்தரப்பு வாதாடும். வழக்கோ வருடக்கணக்கில் இழுக்கும்.

அமெரிக்காவின் நியூஜெர்சியில் இன்னும் மோசம். வரி பாக்கியை வசூலிக்கும் உரிமையையே நகராட்சி தனியாருக்கு ஏலம் விடுகிறது. எடுத்தவர் 18 சதவீதம் வரை வட்டி கேட்கலாம். இரண்டு ஆண்டு கழிந்தால் வீட்டையே கேட்டு வழக்குப் போடலாம்.

முன்பணம் கொடுக்குமுன், வில்லேஜ் ஆபீஸ் கரம் ரசீதோடு நிற்காமல், மாநகராட்சிக் கட்டட வரி ரசீதையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். கட்டட எண்ணைச் சொல்லி மாநகராட்சி அலுவலகத்திலும் பாக்கி உண்டா என்று விசாரியுங்கள்.