வெட்கத்தில் மறைகிற கட்டி



புற்றுநோய் என்றால் முதியோரையே நினைக்கிறோம். பச்சைக் குழந்தைக்கும் வாலிபருக்கும் வருகிற அபூர்வமான கட்டி ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதை ஜெர்ம் செல் கட்டி என்கிறார்கள்.

சிசு உருவாகும் தொடக்க வாரங்களில், பின்னாளில் விந்தணுவாகவும் கருமுட்டையாகவும் ஆகவேண்டிய மூல அணுக்கள், உடலின் நடுக்கோடு வழியே விரைக்கோ சினைப்பைக்கோ போய்ச் சேருகின்றன. நாற்றங்காலுக்குக் கொண்டுபோகும் விதைநெல்லில் சில மணிகள் வரப்பில் சிந்துவதுபோல, சில அணுக்கள் வழியில் தங்கிவிடலாம். ஆகவேதான் இக்கட்டி விரையிலும் சினைப்பையிலும் மட்டுமல்ல, வால் எலும்பிலும் நெஞ்சின் நடுவிலும் மூளையிலும்கூட வருகிறது. பிறந்த குழந்தையின் வால் எலும்புக் கட்டி பெரும்பாலும் தீங்கற்றது; ஆனாலும் தாமதமின்றி அறுவை செய்யவேண்டும்.

கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கை அறிவீர்கள். 2011 மார்ச்சில் சேப்பாக்கத்தில் உடல்நலமின்றியே 113 ஓட்டங்கள் எடுத்தார். பின்னர் அவருடைய நுரையீரல்களுக்கு நடுவே இவ்வகைக் கட்டி இருப்பது தெரிந்தது. 2012-ல் அமெரிக்காவில் சிகிச்சை பெற்று, அவ்வாண்டு செப்டம்பரிலேயே மீண்டும் இந்தியாவுக்காக ஆடினார். அவருக்குச் சிகிச்சையளித்த டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன், 1974-ல் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை வேறிரண்டு மருந்துகளோடு சேர்த்து விரைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர். அதற்குமுன், நோய் பரவியவர்களில் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. இன்று பெரும்பாலோர் குணமடைகிறார்கள். அம்மருந்து நம் நாட்டிலேயே தயாராகிறது.

மருந்து இருக்கிறது, தடையாயிருப்பது வெட்கம். விரையில் வலியில்லாத வீக்கத்தை வாலிபன் தாயிடமும் சொல்வதில்லை. பெண்பிள்ளையின் துயரமோ பெரிது. இக்கட்டிகளில் சில, கர்ப்பகாலத்தில் சுரக்கும் அதே ஹார்மோனைச் சுரக்கின்றன. மணமாகாத பெண்ணின் வயிறு பெருத்து, சிறுநீர்ப் பரிசோதனையும் கர்ப்பம் என்று காட்டினால், நம் கிராமத்தில் அவளுக்கு என்ன நேரும் என்று சொல்லவேண்டுமா? வயிற்றை ஸ்கேன் எடுத்தால் கட்டி தெரிந்துவிடும். பழிக்குமுன் பரிசோதியுங்கள். அதே ஹார்மோனை இரத்தத்தில் அளந்துதான், சிகிச்சை பலனளிக்கிறதா என்றும் மருத்துவர்கள் அறிகிறார்கள்.

சிகிச்சை வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று, நான்கு சுற்று நடக்கும். நடவும் அறுவடையும் நடக்கையில் கூலியை விட்டுப் பிள்ளையோடு தங்குவது ஏழைப் பெற்றோருக்கு எளிதல்ல. பாதியில் நிறுத்தினாலோ நோய் மீண்டும் தலைதூக்கும். உங்கள் காணிக்கை பேருந்துக் கட்டணமாகவும் ஒருவேளைச் சோறாகவும் உயிரைக் காக்கிற இடம் இதுவே.

வாலிபர் கூட்டத்திலும் மாதர் சங்கத்திலும் இதைப் பேசுங்கள். ஆறு மாதமாகியும் விரை இறங்காத ஆண்குழந்தையை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அதுவும் பின்னாளில் இந்நோய்க்கு வழியாகலாம்.