சான்றிதழ் இருக்கிறது, கைப்பழக்கம் எங்கே?

மனிதர் எப்படிக் கற்கிறார்கள் என்ற கேள்விக்கு உளவியலாளர்கள் ஒரே பதிலைத் தரவில்லை. பி.எப். ஸ்கின்னர் போன்ற நடத்தைவாதிகளுக்குக் கற்றல் என்பது பயிற்சியும் வெகுமதியும். சரியாகச் செய்தால் பாராட்டு, திரும்பத் திரும்பச் செய்தால் பழக்கம். எங்கள் டியூசன் வகுப்புகள் இப்படித்தான் நடந்தன. கடந்தகால வினாத்தாள்களைச் செய்து செய்தே உயர்தரம் சித்தியடைந்தேன்.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகொட்ஸ்கி (1896-1934) வேறு விதமாகப் பார்த்தார். ஒரு பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும், தெரிந்தவரின் துணையுடன் செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட வெளியில்தான் கற்றல் நிகழ்கிறது என்றார். ஊடகக் கற்கை படித்த காலத்தில் இந்தக் கோட்பாட்டையும் பரீட்சைக்காக மனப்பாடம்தான் செய்தோம். ஆனால் அதன் பொருளை நான் அதற்கு முன்பே ஒரு தையல் கடையில் கண்டிருந்தேன்.

உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த மாதங்களில், அலவத்துகொடையில் ஏ9 வீதியோரக் கடையொன்றில் தையல் பழகினேன். முதலில் பொத்தான் தைப்பதும் ஓரம் மடிப்பதும்தான் வேலை. பிறகு இயந்திரத்தில் தைக்க விட்டார்கள். கத்தரிக்கோல் கடைசியில்தான் கைக்கு வந்தது.

1970களில் லைபீரியாவின் தையற்காரர்களை ஆய்வு செய்த மானிடவியலாளர் ஜீன் லேவ் இதே ஒழுங்கை அங்கும் கண்டார். பிழையாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். பிழையாக வெட்டினால் துணியே போய்விடும். 1991இல் எட்டியென் வெங்கருடன் எழுதிய நூலில் லேவ் சொன்னது இதுதான்: தொழில் செய்வோரின் கூட்டத்தில் சிறு பொறுப்போடு ஓரமாக நுழைந்து, மெல்ல மெல்ல நடுவுக்கு வருவதே கற்றல்.

இதே ஏ9 வீதி வன்னிக்கும் போகிறது. போருக்குப் பின் அங்கே பெண்களுக்குத் தையல் பயிற்சியும் இயந்திரமும் கொடுத்த திட்டங்கள் பல. செய்தி சேகரிக்கப் போன இடத்தில் ஒரு அக்கா சொன்னார்: "சான்றிதழ் கிடக்குத் தங்கச்சி. ஆக்களின்ர துணியில கத்தரிக்கோல் வைக்கத்தான் பயமாக் கிடக்கு." வகுப்பில் வெட்டக் காட்டினார்கள். வகுப்பு முடிந்தபின் பக்கத்தில் நின்று பார்க்க ஒருவரும் இல்லை. குறை அவருடைய கையில் இல்லை, பயிற்சி நின்ற இடத்தில் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. இடப்பெயர்வில் படிப்பு நின்று, மேசன் வேலையையோ மோட்டார் திருத்தத்தையோ செய்தே பழகியவர்களிடம் கைப்பழக்கம் இருக்கிறது, கடதாசி இல்லை. அவர்களுக்காக 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற வழி இலங்கையில் இருக்கிறது. வகுப்புக்குப் போகாமலே, செய்முறையில் திறமையைக் காட்டித் தேசிய தொழில் தகைமைச் (என்.வி.கியூ.) சான்றிதழ் பெறலாம். நைட்டா எனப்படும் பயிலுனர் பயிற்சி அதிகாரசபையில் விசாரிக்கலாம்.

புதிதாகப் பயிற்சிக்குச் சேர்பவர்கள், எத்தனை மாதம், என்ன சான்றிதழ் என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: முடிந்தபின் யாருடைய கடையில், யாருக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்யலாம்?