அலுமினியப் படகுக்கு ஒரு செப்புக் காசு எமன்!

பாய்மரப் படகில் எட்டு மாதங்களில் உலகைச் சுற்றி, 2025 மே மாதம் கோவா திரும்பினார்கள் கடற்படை அதிகாரிகளான புதுச்சேரி ரூபாவும் கேரளத்தின் தில்னாவும். அவர்களின் 56 அடி ‘தாரிணி’ கண்ணாடியிழையும் மரமும் சேர்த்துக் கட்டியது. ஆனால், பனிக்கட்டி மிதக்கும் கடல்களுக்குப் போகிற பலரும், குறிப்பாகப் பிரெஞ்சுக்காரர்கள், விரும்புவது அலுமினியப் படகைத்தான்.

எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியம். பாறையில் மோதினாலும் பெரும்பாலும் நசுங்குமே தவிர, சட்டென்று உடையாது.

அதன் எதிரியே வேறு. உப்புநீரில் செம்பும் அலுமினியமும் ஒட்டிக் கிடந்தால், பேட்டரி போல மின்சாரம் ஓடி அலுமினியம் அரிக்கும். படகின் அடியில் தவறி விழுந்த ஒரு செப்புக் காசோ, ஒயர் துண்டோ போதும்... நாளடைவில் தகடு ஓட்டை! புளிக்குழம்பு வைத்த அலுமினியச் சட்டியில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

அதனால்தான் பழைய படகை வாங்குமுன் சர்வேயரை அழைக்கிறார்கள். உள்ளே சோபா, ஃபிரிட்ஜ் எல்லாம் பளபளத்தாலும் அவர் முதலில் தரைப்பலகையைத் தூக்கி, வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு, அல்ட்ராசவுண்ட் கருவியால் தகட்டின் தடிமனை அளப்பார்.

நீருக்கடியில், படகுக்குப் பதிலாக அரிபடவென்றே துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தியிருப்பார்கள். அவை சீக்கிரமே கரைந்திருந்தால், எங்கோ மின்கசிவு இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும்வரை படகு கரையில்தான்.