பாக்கெட்டில் ஒரு ஆபீஸ்!

சமையலறைக்குப் போய் அரைக் கிலோ துவரம் பருப்புப் பொட்டலம் ஒன்றை எடுங்கள். அதிலிருந்து இரண்டு கை பருப்பை வெளியே கொட்டி விடுங்கள் (வீட்டில் அனுமதி வாங்கிக் கொண்டு!). மிச்சத்தைக் காதில் வைத்துப் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள்.

கை வலிக்கிறதா? அதுதான் நோக்கியா 9000 கம்யூனிகேட்டர். எடை 397 கிராம்.

1997-ல் நான் சிங்கப்பூரில் இருந்தேன். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு அரிசி, முட்டை, கயிறு, பெயின்ட் என்று சகலமும் சப்ளை செய்யும் சின்னக் கம்பெனி. முதலாளி சீனர். 'தவுக்கே' என்று கூப்பிடுவோம். ஜெர்மனிக்குப் போய்விட்டு வந்தவர், பெட்டியிலிருந்து இரண்டு கறுப்புச் செங்கல்களை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று அவருக்கு. இன்னொன்று எனக்கு.

"இனிமே நீ ஆபீசுக்கு வர வேணாம். ஆபீஸ் உன் கூட வரும்" என்றார்.

அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. இனி ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் கூடவே வரும் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் புரிந்தது.

மூடியிருந்தால் அது ஒரு தடித்த செல்போன். பக்கவாட்டில் திறந்தால் உள்ளே நீளமான திரை, அதன் கீழே குட்டிக் கீ-போர்டு. கீ-போர்டுக்கு மேலே வரிசையாகப் பொத்தான்கள். போனுக்கு ஒன்று, ஃபாக்ஸுக்கு ஒன்று, எஸ்.எம்.எஸ்.ஸுக்கு ஒன்று, இன்டர்நெட்டுக்கு ஒன்று, முகவரிகள், குறிப்புகள், காலண்டர்… உள்ளே இருந்தது இன்டெல் 386 சிப். சில வருஷம் முன்னால்தான் அதே 386-ஐ ஏ.சி. ரூமில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிடாத குறையாக வேலை பார்த்தோம். அது இப்போது பேன்ட் பாக்கெட்டில்! பேன்ட் ஒரு பக்கமாக இறங்கியது வேறு விஷயம்.

போனையும் கம்ப்யூட்டரையும் கலந்த முதல் கருவி இதுவல்ல. 1994 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஐ.பி.எம். தயாரித்த 'சைமன்' வந்தது. பெல்சௌத் கம்பெனி விற்றது. இரண்டு வருஷ ஒப்பந்தத்தோடு 899 டாலர். தொடுதிரை, ஃபாக்ஸ், ஈ-மெயில் எல்லாம் உண்டு. ஆனால் ஒரு மணி நேரம் பேசினால் பேட்டரி கையை விரித்துவிடும். சுமார் 50 ஆயிரம் விற்றதோடு கதை முடிந்தது. 1996 மார்ச்சில் ஹானோவர் கண்காட்சியில் நோக்கியா தன் 9000-ஐக் காட்டியபோதுதான் பெரிய மனிதர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 1997-ல் வந்த 'தி செயின்ட்' ஹாலிவுட் படத்தில் கதாநாயகன் வால் கில்மர் இதையேதான் வைத்துக் கொண்டு வித்தை காட்டுவார். நானும் பார்த்தேன். படம் முழுக்க அவர் எங்கே சார்ஜ் போடுகிறார் என்று தேடிக் கொண்டிருந்ததில் கதை மறந்து விட்டது.

இதை வைத்திருந்தவர்கள் எங்கள் வட்டாரத்தில் நாலே பேர். நாலும் நாலு விதம்.

தவுக்கேயைப் பார்ப்போம். இந்தப் போனில் ஒரு விசேஷம், நம்பர் பொத்தான்கள் ஒரு பக்கம், காது வைக்கும் இடமும் பேசும் இடமும் முதுகுப் பக்கம். அதாவது நம்பரை அழுத்திவிட்டுத் திருப்பிக் கொள்ள வேண்டும். தவுக்கேக்கு இது கடைசி வரை பிடிபடவில்லை. பொத்தான் பக்கத்தைக் கன்னத்தில் அழுத்திக் கொண்டு "ஹலோ! ஹலோ!" என்று அலறுவார். ஒரு மாதத்தில் வெறுத்துப் போய் அதைப் பேப்பர் வெயிட்டாக்கி விட்டார். அந்த வேலையை அது குறையில்லாமல் செய்தது.

ஜகார்த்தாவிலிருந்து வரும் வாடிக்கையாளர் ஒருவர், ஓட்டலில் உட்கார்ந்ததும் அதை மேஜை மேல் வைத்து 'டக்'கென்று திறப்பார். நாலு மேஜை திரும்பிப் பார்க்கும். உடனே மூடி விடுவார். அவ்வளவுதான் உபயோகம்! சிரிக்காதீர்கள். பின்னாளில் இந்தோனேஷியாவில் கம்யூனிகேட்டர் வரிசைப் போன்கள் பெரிய மனுஷ அடையாளமாகவே ஆகி, உலகமே வியக்கும்படி விற்றன. அவர் முன்கூட்டியே கண்டு கொண்டவர்.

மூன்றாமவர் என் நண்பர், கம்ப்யூட்டர் ஆசாமி. இன்டர்நெட் பொத்தானை நிஜமாகவே அமுக்கியவர். வேகம் நொடிக்கு 9,600 பிட். கணக்குப் போட்டால் 1 எம்.பி. வந்து சேரக் கால் மணி நேரம். அத்தனை நேரமும் போன் பேசுகிற மாதிரி மீட்டர் ஓடும். பில் வந்த அன்று அவர் வீட்டில் நடந்த உரையாடலை இங்கே எழுதுவதற்கில்லை.

நாலாவது ஆள் நான். எனக்குப் பிடித்தது ஃபாக்ஸ் பொத்தான்.

காரணம் அப்பா. மன்னார்குடியில் மளிகைக் கடை வைத்திருந்தார். காது மந்தம். போனில் பேசினால் இரண்டு பக்கமும் தொண்டை கட்டிக் கொள்ளும், விஷயம் மட்டும் போய்ச் சேராது. கடிதம் போட்டால் பதில் வர மூன்று வாரம். தவிர, அப்பாவுக்கு எழுத்தில் வந்தால்தான் நம்பிக்கை. பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்.டி.டி. பூத் ஒன்றில் ஃபாக்ஸ் மெஷின் வந்ததும், என் ஃபாக்ஸ் நம்பரைக் கொடுத்து வைத்தேன். "அவசரம்னா எழுதிக் குடுங்கப்பா, அடுத்த நிமிஷம் என் கையில இருக்கும்."

அவர் நம்பவில்லை. மளிகைக் கடைக்காரர், அடுத்த நிமிஷம் என்று சொல்கிற யாரையும் நம்ப மாட்டார்.

1997 செப்டம்பர். சிங்கப்பூர் முழுக்கப் புகைமூட்டம். சுமத்ராவிலும் காலிமந்தானிலும் காடு எரிந்த புகை கடல் தாண்டி வந்து மூக்கில் ஏறியது. ஜூலையில் தாய்லாந்தின் பாட் சரிந்ததிலிருந்து வியாபாரமும் புகை மூட்டமாகத்தான் இருந்தது. அன்று மதியம் மூன்றரை மணிக்கு, ஒரு கிரேக்கக் கப்பலுக்கு முட்டை ஏற்றிக் கொண்டு படகில் போய்க் கொண்டிருந்தேன். கரை தெரியவில்லை. கப்பலும் தெரியவில்லை. செங்கல் கிர்ரென்றது. ஃபாக்ஸ் வருகிறது!

திறந்தேன். திரை நீளமே தவிர உயரம் கிடையாது. 640-க்கு 200 புள்ளி. ஒரு முழுப் பக்கத்தை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்க்கிற மாதிரி உருட்டி உருட்டித்தான் படிக்க வேண்டும். அந்தக் கருவிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஃபாக்ஸ் என்பது படம்தானே? சாம்பல் நிறத் திரையில் அப்பாவின் கையெழுத்து ஒவ்வொரு வரியாக ஏறி வந்தது.

'சிரஞ்சீவிக்கு அநேக ஆசீர்வாதம். மாப்பிள்ளை வீட்டில் கல்யாணத்துக்கு முன்பே பாக்கியைக் கேட்கிறார்கள். நாளை காலை பத்து மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீசில் வீட்டை எழுதிக் கொடுக்கிறேன். உனக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்பதற்காக எழுதினேன். நீ வருத்தப்படாதே.'

அந்த வீட்டில்தான் நானும் தங்கச்சியும் பிறந்தோம். அம்மா செத்ததும் அங்கேதான்.

என்னிடம் 8 ஆயிரம் வெள்ளி சேமிப்பு இருந்தது. அன்றைய கணக்கில் சுமார் 2 லட்சம் ரூபாய். என் சம்சாரத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. சிங்கப்பூரில் சொந்தமாக ஒரு ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்ட வைத்திருந்தது. படகில் சம்சாரத்துக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"முதல்ல மாமாவுக்குப் பதில் அனுப்புங்க" என்றாள்.

பேட்டரி அடையாளத்தில் ஒரே ஒரு கோடு மிச்சம். ராத்திரி சார்ஜ் போட மறந்தது என் குற்றம்தான். கரைக்குத் திரும்ப எட்டு மணி ஆகும். தமிழில் எழுத வழியில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் அப்பாவுக்குப் புரியாது. தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்தேன். தங்கச்சி பி.எஸ்ஸி. அப்பா வீட்டுக்கு எடுத்துப் போனால் நிதானமாகப் படித்துச் சொல்லுவாள் என்பது என் திட்டம். படகு ஆடுகிறது. கீயெல்லாம் புளியங்கொட்டை சைஸ். என் விரலோ வாழைப்பழம். 'அப்பா, வீட்டை விற்க வேண்டாம். எனக்கு வேறு வழி இருக்கிறது. பணம் அனுப்புகிறேன். இது சத்தியம்.' நாலு வரிக்குக் கால் மணி நேரம் ஆனது. அனுப்பினேன். மேலே ஏணியிலிருந்து கிரேக்கன் முட்டை எங்கே என்று கத்திக் கொண்டிருந்தான்.

அங்கே பூத்தில் நடந்ததைத் தங்கச்சி பிற்பாடு சொல்லித்தான் தெரியும். அப்பா வீட்டுக்குப் போகவே இல்லை. பதில் வரும் வரை மெஷின் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். நம்பாதவர்தான், ஆனாலும் நின்றிருக்கிறார். பேப்பர் வந்ததும் பூத்துப் பையனிடம் நீட்டி "படிடா தம்பி" என்றிருக்கிறார். காது கேட்காதவர் ஆயிற்றே, பையன் உரக்கப் படித்தான். எங்கள் வீட்டு விவகாரம் பஸ் ஸ்டாண்டு பூராவும் கேட்டது. மதுக்கூர் பஸ் கண்டக்டர் விசில் ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாராம்.

அதோடு போயிருக்கலாம். 'வழி' என்பதை நான் ஆங்கிலத்தில் அடித்த விதத்துக்கு, பையன் அதை 'வலி' என்று படித்து விட்டான்.

"அப்பா, எனக்கு வேறு வலி இருக்கிறது!"

"வலியா? எங்கடா வலி?"

"அது போடலீங்க ஐயா. பணம் அனுப்புறேன், சத்தியம்னு போட்டிருக்கு."

ஐந்து நிமிடத்தில் என் செங்கல் மறுபடி கிர்ரென்றது. முழுப் பக்கத்துக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டே வரி எழுதியிருந்தார், வாழ்க்கையில் ஒரு தம்பிடி வீணாக்காத மனிதர்.

'சரி. வலிக்கு உடனே டாக்டரைப் பார்க்கவும்.'

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன வலி? மறுபடி உருட்டிப் பார்ப்பதற்குள் பேட்டரி தீர்ந்து திரை இருண்டு விட்டது. புகையில் கண் எரிந்ததா, வேறு காரணமா, படகுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக் கொண்டார்.

வீடு பிழைத்தது. கல்யாணம் நடந்தது. ஃப்ளாட் நடக்கவில்லை. 1998-ல் கம்பெனியையே தவுக்கே இழுத்து மூடினார். கடைசி மாதச் சம்பளத்தில் கொஞ்சம் குறைந்தது. அதற்குப் பதிலாக "இதை நீயே வெச்சுக்க" என்று செங்கல்லை என் பக்கம் தள்ளினார். அதே வருஷம் 253 கிராமில் அடுத்த மாடல் 9110 வந்து விட்டது. என்னுடையது கிழமாகி விட்டது.

அப்பா 2006-ல் போனார். அவருடைய தகரப் பெட்டியில் பத்திரம், ரேஷன் கார்டு, அம்மாவின் போட்டோ இவற்றோடு அந்த ஃபாக்ஸும் இருந்தது. நாலாக மடித்து, பிளாஸ்டிக் கவரில். பிரித்தேன். வெறும் காகிதம்! அந்தக் காலத்து ஃபாக்ஸ் காகிதம் சூட்டில் எழுத்துப் பதிகிற ரகம். வருஷம் போனால் தானாக வெளுத்துவிடும். அவருக்கு அது தெரிந்திருக்காது. தெரிந்தே வைத்திருந்தாரோ என்னவோ.

ஆனால் அவர் எழுதியது என்னிடம் இருக்க வேண்டும். வந்த ஃபாக்ஸை அந்தப் போன் உள்ளேயே சேமித்து வைக்கும். நான் அழிக்கவில்லை. பரணில் செங்கல் இருக்கிறது. சார்ஜரைத்தான் எங்கேயோ தொலைத்து விட்டேன்.

உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது நோக்கியா 9000 சார்ஜர் இருந்தால் தயவு செய்து சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போதும். திருப்பிக் கொடுத்து விடுகிறேன்.